அடுப்பு மேடையும் டியூப்பின் மறுமுனையும்

பழைய விறகடுப்பை இடித்துவிட்டுப் புது மேடை கட்டப் போகிறவனுக்கு எந்த வீட்டிலும் காபி கிடைக்கும். அவன் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நிற்க ஓர் ஆளும் கிடைப்பார்.

எலக்ட்ரீஷியன், பிளம்பர், பெயிண்டர், ஃபிரிட்ஜ் ரிப்பேர்க்காரர் என்று அடுத்தவர் வீட்டுக்குள் கருவிப் பையோடு நுழைந்த எல்லோருக்கும் அந்தப் பார்வை தெரிந்திருக்கும். உங்களிடம் நான் புதிதாக ஒன்றும் சொல்லிவிடப் போவதில்லை. ஹாலில் நிற்கும்வரை அது அவ்வளவாக இருக்காது. சமையலறைக்குள் கால் வைத்ததும்தான் வீட்டுக்காரர்களுக்கு எல்லாமே நினைவுக்கு வரும். அஞ்சறைப் பெட்டி எங்கே, வெள்ளி டம்ளர் எங்கே, இந்த ஆள் யார், யாரிடம் வேலை கற்றார்.

நான் யாரிடமும் கற்கவில்லை. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். அங்கே தளம் போட வந்த கொத்தனார்களைப் பார்த்துப் பார்த்து ஒரு தைரியம் வந்து, முதலில் எங்கள் வீட்டு அடுப்பை இடித்தேன். புது மேடை ஒழுங்காக வருகிறவரை என் மனைவி செல்வி தோட்டத்தில் செங்கல் கூட்டிச் சமைத்தாள். அதற்குப் பிறகு, "உங்கள தனியா விட்டா ஊர்ல ஒரு வீட்லயும் சோறு பொங்காது" என்று சொல்லிவிட்டுச் சித்தாளாக என்னோடு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். கடலூர், சிதம்பரம், நடுவில் இருக்கும் ஊர்கள் எல்லாவற்றிலும் நாங்கள் இருவரும் சேர்ந்துதான் மேடை கட்டினோம்.

மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய டியூப் ஒன்று வைத்திருந்தோம். ஒரு முனை என் கையில், மறுமுனை அவள் கையில். இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில்தான் நிற்கும். அந்த உயரத்தில் சுவரில் கோடு போட்டு, அதிலிருந்து கீழே அளந்து, சிங்க் பக்கம் துளி தாழ்த்தி மேடை கட்டுவோம். நான் போட்ட கோட்டை அவள் ஒரு நாளும் அப்படியே ஒத்துக்கொண்டதில்லை. "உங்க கண்ணு உங்க பக்கம்தான் சாயும்" என்பாள். மறுபடியும் பார்ப்போம். கல் பதித்து முடித்ததும் ஒரு சொம்புத் தண்ணீரை மேடையில் ஊற்றுவாள். அது தானாகச் சிங்க்குக்குப் போய்ச் சேர்ந்தால்தான் முந்தானையை உதறி இடுப்பில் செருகுவாள். பிறகு மேடையின் ஓரத்தில் மஞ்சளும் குங்குமமும் வைப்பாள். வீட்டுக்காரம்மா பால் காய்ச்சுவார்.

செல்வி இறந்த பிறகு எனக்கு வேலை வருவது நின்றுபோனது. ஒரகடத்தில் வேலை பார்க்கும் மகன், "வீட்டப் பூட்டிட்டு எங்க கூட வந்துடுப்பா" என்றான். நல்ல பிள்ளை, நல்ல மருமகள். ஆனால் அங்கே போனால் பால் பாக்கெட் வாங்குவதையும் லிஃப்டில் ஏறி இறங்குவதையும் தவிர எனக்கு வேறு வேலை இருக்காது. இந்த ஊரிலேயே யாராவது ஒருவர் என்னை நம்பி ஒரு மேடையைக் கொடுப்பாரா, இல்லை சாவியை மகனிடம் கொடுத்துவிடுவதா என்ற இடத்துக்கு வந்துவிட்டேன். அது எப்படி முடிந்தது என்று சொல்ல, செல்வி இருந்த காலத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கறுப்புக் கல்லும் கைக்குட்டையும்

கடலூர் புதுப்பாளையத்தில், பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வீடு. பழைய அடுப்பு மேடை கடப்பா கல், மேலே கரி படிந்த புகைக்கூண்டு. கல்லை எடுத்துவிட்டுக் கறுப்பு கிரானைட் போடச் சொன்னார். கல் வந்து இறங்கிய அன்று, சாதாரணக் கல்லுக்குச் சாயம் ஏற்றிக் கறுப்பு கிரானைட் என்று விற்கிறார்கள் என ஒரு வீடியோ பார்த்துவிட்டார். அது பொய்யும் இல்லை, அப்படி விற்கிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். மகளின் நெயில் பாலிஷ் அழிக்கும் மருந்தை எடுத்துவந்து, தன் வெள்ளைக் கைக்குட்டையில் ஊற்றி, கல்லை அழுத்தித் துடைத்தார். கைக்குட்டை கறுப்பாகிவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். நான் கல் கடைக்காரரை மனதுக்குள் பார்த்தேன். செல்வி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள்.

அவள்தான் கைக்குட்டையை வாங்கி விரலில் தேய்த்து, பிறகு அண்ணாந்து புகைக்கூண்டைப் பார்த்தாள். நாங்கள் காலையிலிருந்து இடித்ததில் மேலிருந்த கரியெல்லாம் கல்லின் மேல்தான் உதிர்ந்திருந்தது. சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு, "இப்பத் தொடைங்க சார்" என்றாள். அவர் இன்னொரு கைக்குட்டை கொண்டுவந்து மூலைக்கு மூலை துடைத்தார். வெள்ளையாகவே இருந்தது. அப்படியும் மனசு கேட்காமல் கல்லின் அடிப்பக்கத்தையும் திருப்பச் சொல்லித் துடைத்தார். வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி சொன்னார்: "கல்லு நல்ல கல்லுதான். அந்தக் கைக்குட்டைய நான் தொவைக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

மூன்று நாற்காலிகள்

சேத்தியாத்தோப்பில் ஒரு வீடு. அண்ணன் தம்பி மூன்று பேர். அம்மா இறந்துவிட்டார். அந்த அம்மா உயிரோடு இருந்தவரை, அடுப்புக்குக் கீழே சாம்பல் அள்ளக்கூட மருமகள்களை விட்டதில்லையாம். அடுப்பை எடுத்துவிட்டு டைல்ஸ் ஒட்டி கேஸ் மேடை கட்டலாம் என்று பேச்சு வந்ததும், இத்தனை வருடம் பேசாத மூன்று பேரும் ஒரே நாளில் வந்து சேர்ந்துவிட்டார்கள். சமையலறைக்குள்ளேயே மூன்று நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். நான் கடப்பாரையை ஓங்கும்போதெல்லாம் மூன்று தலைகளும் முன்னால் வரும். "தூசி வருது, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றேன். "பரவால்ல மேஸ்திரி, எங்களுக்குத் தூசின்னா ஒண்ணும் பண்ணாது" என்று இருமிக்கொண்டே சொன்னார்கள்.

அடுப்பின் வயிற்றுக்குள் இருந்தது வெள்ளாற்று மணல். மணலுக்குள் ஓர் உடைந்த சட்டி, துருப்பிடித்த கரண்டி. வேறு ஒன்றும் இல்லை. "ஒண்ணும் இல்லீங்க" என்றேன். மூத்தவர் நாற்காலியை விட்டு எழுந்தார். "ஒண்ணும் இல்லன்னு நீங்க சட்டுனு சொன்னீங்க பாருங்க, அதான் எனக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்றார். யாரும் கேட்பதற்கு முன்பே செல்வி தலையிலிருந்த சும்மாட்டை எடுத்துப் பிரித்து அவர்கள் முன்னால் உதறினாள். நானும் துண்டை உதறினேன். மணல் முழுவதையும் முற்றத்தில் கொட்டி, சல்லடை வைத்துச் சலித்துப் பார்த்தார்கள். ஒரு தம்பி சலிக்க, மற்ற இருவரும் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாலை ஆனது. கடைசித் தம்பி மட்டும் சோர்ந்துபோகவில்லை. என் பக்கத்தில் வந்து, அண்ணன்கள் காதில் விழாமல் கேட்டார்: "மேஸ்திரி, பாத்ரூம் தரையும் அம்மா போட்டதுதான். அதையும் மாத்திடலாமா?"

நண்டு வாசம் போகும் வழி

கிள்ளையில் கலா என்ற பெண்ணின் வீடு. பழைய புகைக்கூண்டை எடுத்துவிட்டு கரண்டில் ஓடுகிற சிம்னி வைக்கச் சொன்னாள். புகையை உறிஞ்சி, சுவரில் போட்ட ஓட்டை வழியாகக் குழாயில் வெளியே தள்ளும் சாமான். ஓட்டை போட ஒரே ஒரு சுவர்தான் தோதாக இருந்தது. அந்தச் சுவருக்கு எதிரே சந்து, சந்துக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு ஜன்னல்.

டிரில் மெஷின் சத்தம் கேட்டதும் அடுத்த வீட்டம்மா ஜன்னலில் வந்து நின்றார். "இன்னா, எங்க ஊட்டப் பாத்து பீரங்கி வெக்கிறீங்க?" என்றார். கலா என்னிடம் மெதுவாக, "அவுங்களுக்குப் பொகை பிரச்சினை இல்லண்ணே. எங்க ஊட்ல தினம் இன்னா கொழம்புன்னு மோந்து பாத்துக் கணக்கு வெச்சுக்குவாங்க, அதான் எனக்கு பயம். குழாய மேல தூக்கிடுங்க" என்றாள். மேலே தூக்கினால் சிம்னி சரியாக இழுக்காது என்றேன். அவள் என்னையும் சந்தேகமாகப் பார்த்தாள், நான் அந்தப் பக்கத்து ஆள் என்பதுபோல. கலாவுக்கும் அடுத்த வீட்டம்மாவுக்கும் வாய் முற்றி, சந்தில் கூட்டம் கூடிவிட்டது. செல்விதான் டியூப்பைச் சுருட்டிவைத்துவிட்டுச் சந்துக்குப் போய் அந்த அம்மாவிடம் என்னவோ பேசினாள். கடைசியில் அவர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி தீர்ப்புச் சொன்னார்: "சரி, ஓட்டை இருக்கட்டும். ஆனா நண்டு வாசம் வந்து கிண்ணம் வரலன்னு வெய்யி, நானே சிமெண்டு கொழைச்சு அடைச்சிடுவேன்."

யார் கிளப்பிவிட்டது

செல்வி போன பிறகு நடந்தது இது. சிதம்பரத்தில் ஒரு வாத்தியார் வீட்டில் பேசி முடித்த வேலை. "அப்புறம் சொல்றோம்" என்றார்கள். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வீட்டில் அளவெல்லாம் எடுத்துவிட்டு வந்தேன். அடுத்த முறை அந்தத் தெருவழியாகப் போனபோது உள்ளே வேறு யாரோ கல் அறுக்கிற சத்தம் கேட்டது. போன் செய்தால் எடுப்பதில்லை. காரணம் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். புது அடுப்பில் பால் காய்ச்சும் நேரத்தில், பெண்டாட்டியை இழந்தவன் முன்னால் நிற்பதைச் சில வீடுகளில் விரும்புவதில்லை. நானே ஒதுங்கிக்கொள்வேன், அது வேறு. ஆனால் அந்தப் பேச்சை யாரோ ஊரெல்லாம் பரப்பியிருக்கிறார்கள். யார் என்பதும் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். ராஜவேலு. என்னைப் போலவே மேடை வேலை பார்ப்பவன். மட்டம் பார்க்கச் சுவரில் பச்சைக் கோடு அடிக்கிற லேசர் கருவி புதிதாக வாங்கியிருந்தான். எனக்குப் போன வேலையெல்லாம் அவனுக்குத்தான் வந்திருந்தது.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அவனைப் பிடித்தேன். "என் பொழப்புல மண்ணப் போடறியேடா" என்று நேராகக் கேட்டேன். அவன் டீயைக் கீழே வைத்தான். கோபப்படவில்லை. எதையோ சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பவனைப் போல ரோட்டைப் பார்த்தான். எனக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. பிறகு சொன்னான்: "மாமா, சகுனம் கிகுனம்லாம் யாரும் பேசல. வேலை பாத்ததெல்லாம் அக்காவாம். நீங்க சும்மா கூடப் போய் வந்தீங்களாம். அதான் ஊர்ப் பேச்சு."

ஆணி பார்க்குமா

ஒரு குற்றச்சாட்டுக்கு வீட்டிலேயே பதில் தயார் செய்துவைத்துக்கொண்டு போனால், அங்கே வேறொரு குற்றச்சாட்டைச் சொல்கிறார்கள். உங்களுக்கும் இப்படி நடந்திருக்கலாம். பஸ்ஸில் வீடு திரும்பும்போது எனக்குச் செல்வியின் மேல்தான் கோபம் வந்தது. வீட்டுக்காரர்கள் முன்னால் அப்படியா என் கோட்டை அழிக்கச் சொல்லுவது, எல்லோரும் பார்க்க அப்படியா தண்ணீர் ஊற்றுவது. கொஞ்ச தூரம் போனதும் இன்னொன்றும் தோன்றியது. ஊர் சொல்வது உண்மையாக இருந்துவிட்டால்? அடுத்தவர் வீட்டில் அவள் இல்லாமல் நான் ஒரு மேடைகூடக் கட்டியதில்லை. அதனால் எனக்கே தெரியாது.

மகனிடம் வருவதாகச் சொல்லிவிடலாம் என்று இருந்தபோதுதான் சிதம்பரத்திலிருந்து ஸ்டெல்லா என்ற அம்மா கூப்பிட்டார். ஆஸ்பத்திரியில் நர்ஸ். தனியாக இருப்பவர். அவர் வீட்டு விறகடுப்பு எப்போதோ கைவிடப்பட்டு, அதன் மேலேயே பலகை போட்டு கேஸ் அடுப்பை வைத்திருந்தார். புகைக்கூண்டு வழியாக மழைத் தண்ணீர் இறங்கிச் சுவர் ஊறிப்போயிருந்தது. கூண்டை அடைத்து, அடுப்பை எடுத்து, கிரானைட்டும் டைல்ஸும் போட வேண்டும். "ராஜவேலு ஒரு மாசம் ஆவும்னு சொல்லிட்டாரு. உங்களப் பத்தி நான் கேள்விப்பட்டேன்" என்றார். என்ன கேள்விப்பட்டார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. "லீவு போட்டுட்டு வீட்லயேதான் இருப்பேன்" என்று மட்டும் சொன்னார்.

என்னிடமும் ஒரு லேசர் கருவி உண்டு. மகன் வாங்கிக் கொடுத்தது. ஒரு தடவை சாரத்திலிருந்து கீழே விழுந்துவிட்டது. விழுந்த கருவியை நான் நம்புவதில்லை. அதனால் டியூப்பைத்தான் எடுத்தேன். செல்வி பிடிக்கிற முனையைச் சுவரில் ஓர் ஆணி அடித்து அதில் கட்டினேன். மறுமுனையோடு சமையலறையின் இந்த மூலைக்கு வந்தேன். ஸ்டெல்லாம்மா ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பக்கம் யாரு பாக்கறது?" என்றார்.

"ஆணியில கட்டியிருக்கும்மா."

"ஆணி பாக்குமா?"

அவர் எழுந்துபோய் ஆணியிலிருந்து டியூப்பை அவிழ்த்து, தண்ணீர் நிற்கிற இடத்தைத் தன் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். "எங்க ஊட்டுச் சுவரு. நானே பாக்கறேன். நீங்க இன்னா பண்றீங்கன்னு எனக்கும் தெரியணும்" என்றார்.

என் முனையைச் சுவரில் வைத்துப் பென்சிலை எடுத்தேன். "நில்லுங்க" என்றார். நின்றேன். "இங்க தண்ணி இன்னும் ஆடுது" என்றார். தண்ணீர் நின்றுவிட்டது என்று எனக்குத் தெரியும். இத்தனை வருடம் இந்த வேலையைப் பார்த்திருக்கிறேன். "நின்னுடுச்சும்மா" என்றேன். "உங்க பக்கம் நின்னிருக்கும். என் பக்கம் நிக்கல. நான் பொய்யா சொல்றேன்?" என்றார். எனக்கு எரிச்சல் வந்தது. வேண்டுமென்றே சோதிக்கிறார் என்றுதான் நினைத்தேன். டியூப்பை உருவிப் பார்த்தபடியே அவர் பக்கம் போனேன். அவர் கைக்குக் கொஞ்சம் கீழே, உள்ளே காற்றுக் குமிழி ஒன்று சிக்கியிருந்தது. குமிழி இருந்தால் இரண்டு பக்கத் தண்ணீரும் ஒரே உயரத்தில் நிற்காது. அந்தக் கோட்டை நம்பிக் கட்டியிருந்தால், மேடை சிங்க்குக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். டியூப்பைத் தட்டிக் குமிழியை வெளியேற்றினேன். மறுபடியும் பார்த்தோம். அவர் ஒத்துக்கொண்ட பிறகுதான் கோடு போட்டேன். அடுத்த மூலையிலும் சண்டை. அதற்கடுத்த மூலையிலும் சண்டை. கடைசிக் கோட்டைப் போட்டு முடித்தபோது, வெகுநாள் கழித்து வேலை செய்ததுபோல எனக்கு உடம்பு வலித்தது.

கல் பதித்து, டைல்ஸ் ஒட்டி, காய்ந்த பிறகு நானே ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டேன். அவர் சொம்பைக் கொடுக்கவில்லை, தானே ஊற்றினார். மேடையின் நடுவில் தண்ணீர் கொஞ்சம் தயங்கியது. நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். சிங்க்கில் சொட்டுகிற சத்தம் கேட்டதும்தான் தலையைத் தூக்கினேன். அவர் இன்னொரு சொம்பைக் கொண்டுவந்து வேறொரு மூலையில் ஊற்றினார். அதுவும் சிங்க்குக்குத்தான் போனது.

கேஸ் ஏஜென்சி ஆள் வந்து கனெக்‌ஷன் கொடுத்துவிட்டுப் போனார். பால் காய்ச்சுகிற நேரம். நான் பையை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தேன். "எங்க போறீங்க?" என்றார். "நீங்க பத்த வைங்கம்மா. நான் முன்னால நிக்கறது…" என்று இழுத்தேன். அவர் லைட்டரை என் கையில் வைத்து அழுத்தினார். செல்வி இருந்த காலத்தில்கூட நான் கட்டிய மேடையில் முதல் அடுப்பைப் பற்ற வைக்க யாரும் என்னைக் கேட்டதில்லை. அவர் நாலடி பின்னால் தள்ளிப்போய், ஹால் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டார். "கேஸ் பைப்பு போற ஓட்டை நீங்க போட்டது. முதல்ல நீங்களே பத்த வைங்க. வெடிச்சா உங்களோட போவட்டும்" என்றார்.

பற்ற வைத்தேன். நீலமாக எரிந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவர் உள்ளே வந்து, சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, பால் பாத்திரத்தை ஏற்றினார். பால் பொங்குவதற்குள் போனை எடுத்து, கடலூரில் இருக்கும் அண்ணிக்கு என் முன்னாலேயே வாய்ஸ் மெசேஜ் போட்டார்: "அண்ணி, உங்க அடுப்பு வேலைக்கு இவரையே கூப்புடுங்க. வேலை தெரியுது. ஆனா கூடவே நிக்கணும், ஒரு நிமிஷம் கண்ண எடுக்காதீங்க." ஒரகடத்துக்கு வரவில்லை என்று மகனிடம் சொல்லிவிடலாம் என்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான்.

என் தொழிலில் இத்தனை வருடம் பார்த்துச் சொல்கிறேன்: என்னை நம்பி வீட்டை விட்டுவிட்டுப் போனவர்களின் மேடையைவிட, என்னைச் சந்தேகப்பட்டு மறுமுனையைப் பிடித்தவர்களின் மேடைதான் மட்டம் தப்பாமல் இருக்கிறது.